பூட்டிய அறையும் திறந்த நிரலும்: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் இளைஞர்களின் குரல்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் திருநாரையூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பொல்லாப் பிள்ளையாருக்குப் பூசை செய்துவந்த குடும்பத்துச் சிறுவன்தான் நம்பி. பிற்காலத்தில் நம்பியாண்டார் நம்பி என்று பெயர் பெற்றவர். மூவர் பாடிய தேவார ஏடுகள் எங்கே போயின என்று தேடி அலைந்த சோழ மன்னன், கடைசியில் இந்தச் சிறுவனிடம்தான் வந்து கேட்டான். தில்லைக் கோயிலில் பொன்னம்பலத்துக்குப் பின்னால் பூட்டி முத்திரையிட்ட ஓர் அறையில் இருக்கின்றன என்று நம்பி சொன்னான். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் அறையைத் திறக்க முடியும் என்று அங்கே பதில் வந்தது. மன்னன் மூவரின் திருவுருவங்களையும் கொண்டுவந்து நிறுத்தித் திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. மிஞ்சிய ஏடுகள்தான் இன்று தேவாரமாக இருக்கின்றன.

உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் செய்தி இது. கதை அத்தோடு முடியவில்லை. பாட்டு கிடைத்தது, ஆனால் பண் யாருக்கும் தெரியவில்லை! திருஎருக்கத்தம்புலியூரில், அதாவது விருத்தாசலம் பக்கத்தில் உள்ள இன்றைய ராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்து பண்களைக் கற்றுக்கொண்டார்களாம்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புராணம் என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் நிச்சயம். அறிவை ஒரே இடத்தில் பூட்டி வைத்தால், பிரதி எடுக்க விடாவிட்டால், கறையான் தின்னும். இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரு சிறுவனுக்கும், பண்ணைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணுக்கும் வாய்ப்பு இருந்தால் கொஞ்சமாவது மிஞ்சும். இன்றைய கடலூர் மாவட்டத்து ஊர்களில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையை, கணினி உலகம் இருபதாம் நூற்றாண்டில் தன் பங்குக்கு மறுபடியும் அனுபவித்தது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஒரு மென்பொருளை எழுதும்போது மனிதர் படிக்கக்கூடிய வடிவில்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பெயர் மூல நிரல். கடையில் விற்பது பெரும்பாலும் இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய வடிவம். மூல நிரல் நிறுவனத்தின் அறைக்குள் இருக்கும். பிழை இருந்தால் வாங்கியவர் திருத்த முடியாது. நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளும் போயிற்று.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை எதிர்த்தார். ஆய்வகத்துக்கு வந்த ஓர் அச்சு இயந்திரத்தில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதைச் சமாளிக்க மென்பொருளைத் திருத்தலாம் என்று மூல நிரலைக் கேட்டுப்போனால், வைத்திருந்தவர் கொடுக்க மறுத்துவிட்டார். யாருக்கும் தருவதில்லை என்று அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 1983 செப்டம்பர் 27 அன்று குனு திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தபோது அவருக்கு வயது 30. 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989-ல் ஜிபிஎல் உரிமமும் வந்தன. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம் என்ற நான்கு சுதந்திரங்கள்தான் இந்த இயக்கத்தின் அடிப்படை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். அதனால் அங்கே குழப்பம். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. 1867-ல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் சாப்பாடு இலவசம். கட்டற்ற மென்பொருள் என்பது சாப்பாட்டோடு சமையல் குறிப்பையும் கொடுப்பது, உப்பு குறைவு என்றால் சொல்லவும், உள்ளே வந்து சமைத்துப் பார்க்கவும் விடுவது. காசு வாங்கினாலும் தவறில்லை, குறிப்பை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இளைஞர்களின் குரல் என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். சாப்பிடுகிறவருக்கு நன்றி சொல்ல மட்டுமே வாய் வேண்டும். சமையலறைக்குள் வருகிறவருக்குத்தான் கருத்துச் சொல்ல இடம் இருக்கும்.

வயது கேட்காத இயக்கம்

இந்த இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால் இளைஞர்களின் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், வெறும் பொழுதுபோக்குதான் என்றும் இணையச் செய்திக்குழு ஒன்றில் எழுதினார். வயது 21. அதுதான் லினக்ஸ் ஆனது. 1993 ஆகஸ்டில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். வயது 20. 1996-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ திரைச்சூழலைத் தொடங்கினார். 1997-ல் மெக்சிகோ இளைஞர்கள் மிகெல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் குனோமைத் தொடங்கினார்கள். 2004-ல் ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளேக் ராஸுக்கு வயது 19!

இவர்கள் யாருக்கும் யாரும் மேடை போட்டு மைக் கொடுக்கவில்லை. மூல நிரல் திறந்திருந்தது. படித்தார்கள், திருத்தினார்கள், அனுப்பினார்கள். திருத்தம் சரியாக இருந்தால் அனுப்பியவர் பேராசிரியரா, முதலாண்டு மாணவரா என்று பார்க்க வேண்டிய தேவை இல்லை. டெபியனில் இதற்கு ஓர் அமைப்பே உண்டு. டெபியன் உருவாக்குநராக ஏற்கப்பட்ட எவரும் ஆண்டுதோறும் நடக்கும் திட்டத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம். 20 வயதுக்காரரின் வாக்கும் 60 வயதுக்காரரின் வாக்கும் ஒன்றுதான்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பெரியவர்கள் காது கொடுக்காவிட்டால், நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போகவும் உரிமம் அனுமதிக்கிறது. வெளியேறும் உரிமை உள்ளவரின் பேச்சுக்கு எங்கேயும் கொஞ்சம் மதிப்பு அதிகம்.

ஆனால் மேலே சொன்ன ஊர்களைக் கவனியுங்கள். ஹெல்சின்கி, டூபிங்கன், பர்டியூ... எல்லாம் வலையமைப்பு வசதி உள்ள பல்கலைக்கழகங்கள். கடலூரிலோ சிதம்பரத்திலோ 1990-களில் படித்த ஒரு மாணவருக்கு மூல நிரல் சட்டப்படி திறந்திருந்தது, நடைமுறையில் எட்டாத தூரத்தில் இருந்தது. இணைப்பு ஒரு தடை, ஆங்கிலம் இன்னொரு தடை.

சிதம்பரமும் மொழியும்

மொழி என்றால் சிதம்பரத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். எந்த மொழியில் அரசு தன்னோடு பேச வேண்டும் என்பதில் மாணவருக்கும் கருத்து உண்டு என்பதை அந்தத் தலைமுறை உயிரைக் கொடுத்துச் சொன்னது.

அடுத்த தலைமுறை முன் வந்த கேள்வி, கணினி எந்த மொழியில் பேச வேண்டும் என்பது. மூடிய மென்பொருளில் இதற்கு விடை சொல்ல வேண்டியது நிறுவனம். தமிழில் விற்பனை ஆகும் என்று தோன்றினால் தமிழ் வரும், தோன்றாவிட்டால் வராது. கட்டற்ற மென்பொருளில் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் தமிழ் லினக்ஸ் என்ற பெயரில் கூடி, கேடிஈ, குனோம் திரைகளைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். கோப்பு, திற, சேமி, மூடு என்று இன்று சாதாரணமாகத் தெரியும் சொற்களுக்குப் பின்னால் சம்பளம் வாங்காத பலரின் இரவுகள் இருக்கின்றன. தமிழா குழுவின் எ-கலப்பை வந்த பிறகு தமிழில் தட்டச்சு செய்வது எளிதானது. சென்னையில் ழ-கணினி திட்டம் நடந்தது. உபுண்டு தமிழ்க் குழு உருவானது. 2012 ஜனவரியில் கட்டற்ற மென்பொருளுக்கென்றே கணியம் மின்னிதழ் தமிழில் தொடங்கியது.

இதன் விளைவு சிறியதல்ல. 'அன்டூ' என்பதற்கு என்ன சொல் போடலாம் என்ற விவாதத்தில் கலந்துகொள்ள நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். அதாவது, தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர் உலக அளவிலான ஒரு திட்டத்தில் நிபுணராக உட்காரக்கூடிய முதல் நாற்காலி இதுதான்.

ஒரே அலை, இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், கிள்ளைப் பக்கத்து மீனவர் குப்பங்கள் என்று கடற்கரை முழுதும் அழுகுரல். அதே அலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எது தேவை என்று கணக்கு வைக்க இலங்கையில் ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. விலைக்கு வாங்க நேரமும் இல்லை, பொருத்தமானதும் கிடைக்கவில்லை. அங்குள்ள தகவல் தொழில்நுட்பத் துறைத் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, கையில் இருந்த கட்டற்ற மென்பொருள்களின் மேல் சில நாட்களிலேயே சகானா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பூட்டில்லாத மென்பொருள் என்பதால் அது இலங்கையோடு நிற்கவில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பகுதியை அதற்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006-க்கான சமூக நன்மை விருதைச் சகானாவுக்கு வழங்கியது.

கொழும்பில் எழுதிய நிரலை ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர் நீட்டிக்க முடிகிறது. கடலூர் மாணவருக்கும் அதே உரிமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம் என்று இந்த மாவட்டத்துக்குப் பேரிடர் புதிதல்ல. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு மென்பொருளுக்குள் போக வேண்டுமானால் உள்ளூர் இளைஞர்கள் உள்ளே போக வேண்டும்.

கைக்கு வந்த மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் படித்த லட்சக்கணக்கான மாணவர்கள் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கணினியைப் பெற்றார்கள். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய இயங்குதளம். தமிழிலும் வேலை செய்யும்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய விஷயம்! பர்டியூ பல்கலைக்கழகத்தில் 20 வயது மாணவர் தொடங்கிய டெபியனின் வாரிசு, குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் படித்த பிளஸ் டூ மாணவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் இயந்திரம் வந்ததே தவிர, அதை எப்படித் திறப்பது, பிழை கண்டால் யாரிடம் சொல்வது, ஒரு சொல்லை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுக்கப் போதுமான ஆள் வரவில்லை. பாட்டு வந்தது, பண் வரவில்லை!

இன்றைக்கும் அதே நிலைதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினால் பெரும்பாலானவர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் போனில் எந்தச் செயலி நீக்க முடியாமல் இருக்க வேண்டும் என்று சொல்லக்கூட உரிமை இல்லை. கட்டற்ற மென்பொருள் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது, சுதந்திரம் அதனோடு சேர்ந்து வரவில்லை.

பக்கத்து மாநிலம், பக்கத்து மாவட்டம்

கேரளம் வேறு வழியில் போனது. 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள். தமிழ்நாடு கருவியைக் கொடுத்தது, கேரளம் கருவியோடு கூடிப் பேசும் இடத்தையும் கொடுத்தது.

அரசு செய்யாவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பகுதியிலிருந்தே சென்னை லினக்ஸ் பயனர் குழு இயங்கிவந்தது. ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டம் நடக்கும். ஆனால் சிதம்பரம் மாணவர் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்காக 200 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்ப முடியுமா? 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, கல்லூரிகளுக்குள்ளேயே மாணவர் குழுக்களை உருவாக்க முயன்றது. 2013-ல் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு உருவானது. சென்னைக்குப் போக முடியாத கிராமப்புற மாணவர்கள் தங்கள் ஊரிலேயே வாராவாரம் கூடி, தமிழில் பேசி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கற்றுக்கொண்டவர் நாளை சொல்லிக்கொடுப்பவர்.

விழுப்புரமும் கடலூரும் 1993 வரை தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டம் என்பது குறிப்பிடத்தக்கது. மண் ஒன்று, மொழி ஒன்று, கல்லூரிகளின் நிலையும் ஏறக்குறைய ஒன்று. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

பி.காம். மாணவருக்கு இதில் என்ன வேலை?

இதெல்லாம் பொறியியல் மாணவர்களின் விஷயம் என்று பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அது தவறு.

வணிகவியல் படித்தவர்களுக்கு மென்பொருள் என்றாலே டாலிதான். 1986-ல் தந்தையின் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால் பாரத் கோயங்கா எழுதத் தொடங்கியது அது. நல்ல மென்பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூல நிரல் மூடியது. கணக்கு எப்படிப் பதிவாக வேண்டும் என்று கல்லூரியில் மூன்றாண்டு படித்தவருக்கு, அந்த மென்பொருள் ஏன் அப்படிப் பதிகிறது என்று உள்ளே பார்க்க வழியில்லை.

இதற்கு மாற்றாக இந்தியாவிலேயே குனுகாத்தா என்ற கட்டற்ற கணக்கியல் மென்பொருள் உருவானது. அதை முன்னின்று உருவாக்கிய கிருஷ்ணகாந்த் மானே பார்வையற்றவர். அதேபோல, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளை 2006-ல் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். உடல்நலக் குறைவால் கணினிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். விலைக்கு விற்ற திரைபடிப்பான்கள் எட்டாத விலையில் இருந்ததால் தானே எழுதினார். யாருக்குக் குறை தெரியுமோ அவர்தான் அதைச் சரியாகச் சொல்ல முடியும் என்பதற்கு இவர்களைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு நிரல் எழுதுபவர் மட்டும் போதாது. ஜிஎஸ்டி கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிப்பவர் வேண்டும். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று சரியான தமிழ்ச் சொல் கொடுப்பவர் வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழ மண்டிக்காரரும் கடலூர் முதுநகர் மீன் வியாபாரியும் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுபவர் வேண்டும். இதெல்லாம் வணிகவியல் மாணவர் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

குரலுக்கும் விலை உண்டு

ஒரு நியாயமான கேள்வி பாக்கி இருக்கிறது. மாலையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவருக்கு, சம்பளமில்லாமல் நிரல் திருத்த நேரம் எங்கே? கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. ஓய்வு நேரம் உள்ளவர்களின் குரலே அதிகம் கேட்டது. 2005-ல் கூகுள் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டம் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து இந்த நிலையை ஓரளவு மாற்றியது. ஆனாலும் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிவதற்கே பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது. 40 ஆண்டு வரலாறு சொல்வது இதுதான்: இளைஞருக்குக் குரல் கிடைக்க மூன்று வேண்டும். நிரல் திறந்திருக்க வேண்டும், அதை உரிமம் செய்துவிட்டது. சொந்த மொழியில் நுழைய வழி வேண்டும், அதை முந்தைய தலைமுறை பெருமளவு செய்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும், கூடிப் பேச ஓர் இடமும் வேண்டும். இந்த மூன்றாவதை எந்த நாட்டிலிருந்தும் பதிவிறக்க முடியாது. ஒவ்வொரு ஊரும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. கல்லூரி முடிந்த பிறகு ஒரு வகுப்பறை, வேலை செய்யும் ஒரு பழைய மடிக்கணினி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், நான்கு பேர். முதல் வாரம் ஒரு மென்பொருளைத் தமிழில் திறந்து பார்த்து, தவறான ஒரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால் போதும். ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லைப் பார்க்கும் ஒவ்வொரு தமிழரும் அந்த நால்வரின் குரலைத்தான் கேட்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்த நான்கு பேர் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி.